பள்ளம், இடப்பக்கம்

ஞாயிறு, மூன்று ஐம்பது.
டோல்கேட் பெட்ரோல் பங்க் வாசலில்
பதினோரு சைக்கிள், பத்துப் பேர்.
மீதி ஆள் சந்துக்குள் ஒதுங்கியிருக்கிறார்.
தேசிங்கு துறைமுகத்தில் கிரேனை விட்டிறங்கி
அப்படியே வந்திருக்கிறான், தூங்காமல்.
பழத்தை எறிந்துவிட்டுத் தோலைக் கடிக்கப் போனவன் கையை
ஷம்சுதீன் தட்டிவிடுகிறார்.

ஜனவரியில் இருநூறு கிலோமீட்டர்.
பதின்மூன்றரை மணிநேரம். அதற்குள் அட்டையில் முத்திரை.
போன வருடம் எனக்குப் பதினோரு நிமிடம் கூடிப்போனது.
மீஞ்சூர் கேட்டில் நிலக்கரி வண்டி,
ஐம்பத்தெட்டுப் பெட்டி, எண்ணினேன்
என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.
கேட் போட்டது நிஜம்.
சூலூர்ப்பேட்டையில் இரண்டாவது காபிக்கு உட்கார்ந்து
எழ மனமில்லாமல்
கிழிக்காத காலண்டர் ஒன்றை வெறித்திருந்ததைச்
சொல்லவில்லை.

இந்த வருடம் நான் வாலு.
கடைசியில் ஓட்டுகிறவளுக்கு அதுதான் பேர்.
இவர்கள் முகத்தைவிட முதுகு எனக்குப் பழக்கம்:
ரோஸ்லினுடையது மூன்று வாரமாகத்தான்,
இன்னும் விறைப்பு கலையவில்லை.
முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஒரு சாண்.
யாரோ கிழித்துவைத்த காற்றில்
நான் நுழைந்து போகிறேன், வாடகை தராமல்.

எண்ணூர் நெடுஞ்சாலை.
இடப்பக்கம் கன்டெய்னர் லாரிகள், வாலும் தலையுமாக.
வலப்பக்கம் கடல், சத்தம் மட்டும்.
மேற்கே மணலியின் தீ அணையாமல் நிற்கிறது.
எர்ணாவூர் தாண்டினால் மூக்கைப் பிடுங்கும் ஒரு வாடை,
பேச்சு தானாக நிற்கும்.

முன்னால் ஷம்சுதீன் கத்துவார்: பள்ளம்!
இடது கை இறங்கும், விரல் தரையைக் காட்டும்.
அடுத்தவர், அதற்கடுத்தவர்,
பத்து வாய் தேய்ந்து என்னிடம் வரும்போது
'ளம்' மட்டும் மீதி.
நானும் கையை இறக்குகிறேன்,
பின்னால் யாரும் இல்லாத சாலைக்கு.

கத்திவாக்கம் வளைவில் ரோஸ்லினுக்குப் பஞ்சர்.
வெடித்த லாரி டயர் சிந்திய கம்பி,
மயிரளவு.
சிவப்பு விளக்குகள் ஒன்பதும் போயே போயின.
நிற்பதற்குத்தான் வாலு.

லாரிக்கடியில் சோறு கிண்டிக்கொண்டிருந்த ஒங்கோல்காரர்
கரண்டியைக் கீழே வைத்து டார்ச் பிடித்தார்.
எங்கே?
பழவேற்காடு.
ஏம் லோடு?
லோடு இல்லை.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
டார்ச் ஆடாமல் இருந்தது.
திரும்பி வருவீங்களா?
வருவோம்.
அப்போ காலியாப் போய்க் காலியா வர்றது, என்றார்,
நஷ்டக்கணக்கு தெரிந்தவரின் குரலில்.
ரோஸ்லின் சிரித்தாள், காற்றடித்துக்கொண்டே.
மூன்று வாரத்தில் முதல் தடவை
தோள் இறங்கியது.

பிறகு நாங்கள் இருவர்.
காற்று முழுசாக எங்கள்மேல்.
கொசஸ்தலை பாலத்தில் விடிந்தது,
சாம்பல் எது, பனி எது என்று பிரியாத விடியல்.
ரோஸ்லின் கத்தினாள், சந்தேகமாக:
பள்ளம்? இடப்பக்கம்?
முழுச் சொல்லும் வந்து சேர்ந்தது.
கையை இறக்கினேன், பழக்கத்தில்.

பின்னால் ஒரு வண்டி வளைந்து விலகும் சத்தம்.
காசிமேட்டு ஐஸ்பெட்டி கட்டிய டிவிஎஸ்,
தண்ணீர் சொட்டச் சொட்ட.
எத்தனை நேரமாக வருகிறாரோ.
ஒரே ஒரு ஹார்ன், சின்னதாக.

மீஞ்சூரில் கேட் போட்டிருந்தது.
ஒன்பது பேரும் அங்கேயே.
தேசிங்கு ஹேண்டில்பாரில் கன்னம் வைத்து
நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தான்.
நிலக்கரி வண்டி போய்க்கொண்டே இருந்தது.
ஷம்சுதீன் திரும்பி, எத்தனை பெட்டி வாலு? என்றார்.
எண்ணலை, என்றேன்.
சூலூர்ப்பேட்டை நாக்கு நுனி வரை வந்தது.
கேட் தூக்கிவிட்டார்கள்.

தண்டவாளம்! என்று முன்னால் யாரோ.
என்னிடம் வரும்போது 'வாளம்'.
கையை இறக்கினேன்.
டிவிஎஸ் இன்னும் பின்னால்தான் இருந்தது.