சாயம் போகும் துணி

பஹாஹீலில் ஆறு பேருக்கு ஒரு அறை.
ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப்,
குண்டு விழுந்தாலும் சிதறாதாம்.
டேப் வாங்கிய காசில் என் பங்கை
ஞானதுரை இன்னும் கேட்கவில்லை.

போர் வேண்டும் என்பவன் அவன்.
"ஒரே அடி மக்கா, பத்து நாள்ல முடிஞ்சிரும்"
பருப்பில் உப்புப் பார்த்துக்கொண்டே சொல்வான்.
வேண்டாம் என்பவன் நான்.
வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்வேன்.

பகலில் எங்கள் இருவருக்கும் ஷுஐபாவில் சலவைக்கூடம்.
வடக்கே நிற்கும் படைக்கு
நாளொன்றுக்கு மூவாயிரம் உருப்படி.
மணல் நிறச் சட்டை, மணல் நிறக் கால்சராய்,
பைகளில் மணல்.
ஒருதரம் நுனி கடித்த பென்சில்.
ஒருதரம் பல்வலி மாத்திரை, உறை பிரிக்காமல்.
ஷிப்ட் முடிந்ததும் வடிகட்டியைக் கழற்றி
கையால் வழித்து வெளியே கொட்டுவேன்,
பாலைவனத்தைப் பாலைவனத்துக்கே.

ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு.
வாங்கினேன்.
அதையும் எழுத வேண்டுமல்லவா.

"வேண்டாங்கிறவன்
அவனுவ துணிய ஏன்டே தொவைக்க?
எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போ."
"வேணுங்கிறவன் இங்க ஏன் இஸ்திரி போடுற?
போய்த் துப்பாக்கி தூக்கு."
"என்னை எவன் சேப்பான்?"
"என்னை எவன் கேட்டான்?"
ஒவ்வொரு ராத்திரியும் இங்கே வந்து நின்றுவிடும்.
பிறகு யாராவது விளக்கை அணைப்பார்கள்.

மேல்கட்டிலில் வேம்பையன்
எந்தப் பக்கமும் ஒரு சொல் சொன்னதில்லை.
அவனுக்கு வேறு கணக்கு.
நூற்றுக்கு மூன்று வட்டி,
பதினாலு மாதம் பாக்கி.

ஒன்றுமே செய்யவில்லை என்று என்னைச் சொல்லிவிடாதீர்கள்.
கறுப்புத் துணியில் இரண்டு விரல் அகலம் வெட்டி
பனியனின் உட்புறம் ஊக்கு குத்திக்கொண்டேன்.
வெளியே தெரியாத கண்டனம்.
வேர்வையில் சாயம் இறங்கி
மார்பில் ஒரு கறை,
குளிக்கும்போது எனக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் மேலாளர் வந்தார்.
எல்லைக்கு அந்தப் பக்கம் போகும் சலவை வண்டிக்கு
ஒரு ஆள் வேண்டும். மூன்று மடங்கு சம்பளம்.
ஞானதுரைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.
நான் தரையைப் பார்த்தேன்.
கொள்கையும் பயமும்
ஒரே செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.
வேம்பையன் கை தூக்கினான்.
"எத்தனை நாள் சார்?"
அது ஒன்றுதான் கேட்டான்.

சைரன் அலறிய ராத்திரி
மாடிப்படிக்கு அடியில் ஈரத்துண்டால் மூக்கைப் பொத்தி
ஞானதுரையும் நானும்
ஒரே தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்தோம்.
இருவருக்கும் ஒரு கருத்தும் வரவில்லை.

அடுத்த வாரம் என் கறுப்புத் துண்டு
எப்படியோ இயந்திரத்துக்குள் போய்விட்டது.
நாற்பத்தொரு சட்டையில் சாம்பல் திட்டு.
பன்னிரண்டு தினார் பிடித்தார்கள்.
தவறி விழுந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
"வேணும்னே போட்டியா டே?" என்றான் ஞானதுரை,
முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதையோடு.
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
ஊக்கு துருப்பிடித்திருந்தது,
நான் அதை மாற்றாமல் விட்டிருந்தேன்,
அவ்வளவுதான் எனக்கும் தெரியும்.

ஐம்பத்திரண்டாம் நாள் வேம்பையன் திரும்பினான்.
குளித்தான். சோறு எவ்வளவு போட்டாலும் தின்றான்.
என்ன பார்த்தாய் என்று
நாங்கள் இருவருமே கேட்கவில்லை.
ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் நீட்டினான்.
உள்ளே அவனுடைய ஒரு ஜோடி.
"இதை மட்டும் தனியாத் தொவை."

தனியாகத்தான் துவைத்தேன்.
நாலு தண்ணீர் மாற்றினேன்.
அன்று வடிகட்டியை நான் பார்க்கவில்லை.
ஞானதுரை வந்து நின்றான்,
பேசாமல் வாங்கிக்கொண்டு போய்
காலர் விறைக்க இஸ்திரி போட்டான்.
மடிப்புக் கலையாமல்
மேல்கட்டிலில் வைத்தோம்.

அந்தச் சட்டையை
அவன் பிறகு போட்டுக்கொள்ளவே இல்லை.