பிடித்தம்

வியாழன்தோறும் எச்சம் கழுவுகிறவன் நான்.
நகராட்சி கொடுத்தது ஒரு குழாய், ஓர் ஏணி,
முதுகில் எண் போட்ட ஒரு மழைக்கோட்டு.
கடற்காக்கைகளுக்கு
டான் லிசார்தோ பௌசாவின் தொப்பியில்லாத தலைதான்
இந்தத் துறைமுகத்திலேயே சௌகரியமான இடம்.

ஹவானாவில் சர்க்கரை விற்றுத் திரும்பியவர்.
கப்பலிலிருந்து இறங்கியபோது மூன்று தங்கப் பல்.
பள்ளிக்கூடம் அவர் கட்டியது. ஆஸ்பத்திரியும்,
மணிக்கூண்டும். மணிச்சத்தம் கேட்கிற தூரத்தில்
மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையும்.
அந்தப் பள்ளியில்தான் நான் எழுதப் படித்தேன்.
என் குடல்வாலை
அந்த ஆஸ்பத்திரிதான் வைத்துக்கொண்டது.
ஆகவே தண்ணீரை
முகத்தில் அடிக்கமாட்டேன்.
தோளிலிருந்து தொடங்குவேன்.

பீடத்தில் ஒரு வெண்கலப் பெண், மண்டியிட்டு,
அவர் காலடியில் பூ வைக்கிறாள்.
அவளுக்குப் பெயர் நன்றி.
நகரம் தன் வள்ளலுக்கு, என்று கீழே.

போன மார்ச்சில், நிலத்தடியில் கார் நிறுத்த
சதுக்கத்தைத் தோண்டினார்கள்.
இடுப்பில் பட்டை கட்டிக் கிரேன் தூக்கியது.
அரை மணி நேரம் காற்றில் ஆடினார்,
கப்பலேற்றும் காளை மாதிரி.
பேக்கரி வாசலில் நின்று எல்லோரும் படம் எடுத்தோம்.

பீடத்தின் வயிற்றில் ஓர் ஈயப் பெட்டி.
உள்ளே அன்றைய செய்தித்தாள், ஒரு வெள்ளிக் காசு,
திறக்காத மத்தி டப்பா ஒன்று
(திறக்கவேண்டாம் என்றார் மேயர், இரண்டடி பின்வாங்கி),
நூல் சுற்றிய ஒரு நோட்டு.

நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
வாரக் கூலி. எதிரே சிவப்பு மையில்
சிலைக்குப் பிடித்தம், பத்து சென்டிமோ.
பிடித்தம்: நல்ல சொல்.
பிடித்திருக்கிறதா என்று கேட்காமலே எழுதலாம்.
கையெழுத்து இடத்தில் பெருக்கல் குறிகள்
பக்கம் பக்கமாக,
தையல் போட்ட காயம் போல.

இருநூற்று ஆறாம் வரியில் தோரிந்தா லொரெய்ரோ.
பெருக்கல் குறி இல்லை.
கணக்கர் பொய் எழுதத் தெரியாத ஆளாயிருக்க வேண்டும்.
அழகான சாய்வெழுத்தில்:
வேண்டாம் என்றாள். பிடிக்கப்பட்டது.

நோட்டு இப்போது நகர்மன்றத்தில், கண்ணாடிக்குள்.
முதல் பக்கம் திறந்திருக்கிறது.
முதல் பக்கத்தில் எல்லாக் குறியும் ஒழுங்காக இருக்கின்றன.

மீன்சந்தைச் சாப்பாட்டுக் கடையில்
ஆலைப் புகைப்படம் ஒன்று மாட்டியிருக்கிறது.
முன்வரிசையில் பதினோரு பெண்கள், மடியில் கைகள்.
டப்பா மூடும் யந்திரம் விட்டுவைத்த விரல்கள்.
நான் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். சூப் ஆறிப்போனது.
பீடத்தில் மண்டியிட்டவளுக்கு மட்டும் பத்தும் இருக்கிறது.
சிற்பி மாட்ரிடிலிருந்து வந்தவன்.

வார்ப்பாலை வைத்திருக்கும் ஷியாவிடம் கேட்டேன்:
வாரம் பத்து சென்டிமோ, ஒரு வருஷம்,
அந்தக் காலத்து விலைக்கு எவ்வளவு வெண்கலம் வரும்?
சுவரில் கரியால் கணக்குப் போட்டான்.
ஒரு விரல், என்றான்.
இவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரே ஒரு விரல்.

சிலை பழைய இடத்துக்கே வந்துவிட்டது.
அடியில் இருநூறு கார்கள் தூங்குகின்றன.
இன்று வியாழன், தூறல்.
வேண்டாம் என்று சொன்ன விரல் ஒன்று
இவர் மேல் எங்கோ இருக்கிறது.
எது என்று தெரியாததால்
குழாயை அணைத்துவிட்டு,
கடலை நோக்கி நீட்டிய கையின் ஐந்தையும்
துணியால் துடைக்கிறேன்.
மற்ற ஐந்து கோட்டுப் பைக்குள்.
அங்கே என் கை நுழையாது.