மேக்ரோ ஒன்று

திறக்கும் போதெல்லாம் மஞ்சள் பட்டை எச்சரிக்கிறது:
இந்தக் கோப்பில் மேக்ரோ இருக்கிறது.
யார் வைத்தது? எங்கள் நண்டு ஆலையில்
கூட்டத் தெரிந்தவர்களே மூன்று பேர்.

புண்டா அரெனாஸின் காற்று ஜன்னலை உலுக்கிய மதியம்
உள்ளே போய்ப் பார்த்தேன்.
ஏதோ ஒரு ஜூலையில், விரல் விறைத்த எவரோ
சேமிக்கப் போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு
நிறுத்த மறந்திருக்கிறார்.
அப்புறம் மாதாமாதம் நகல், நகலுக்கு நகல்.
எண்களைத் துடைத்தோம், தலைப்பில் தேதி மாற்றினோம்;
அடிமடியில் இருந்ததை யாரும் உதறிப் பார்க்கவில்லை.

டி பதினாலுக்குப் போ.
நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுது.
டி பதினாலுக்குப் போ.
முந்நூற்று நாற்பது என்று எழுது.
கோப்பைச் சேமி.

டி பதினாலு, எலியேசர் கார்கமோவின் படகு.
கிலோ கணக்கு.
தட்டச்சுப் பிழையைத் திருத்திய கையா,
வேறு கையா?
கை செய்தது மட்டும்தான் மேக்ரோவுக்குத் தெரியும்.

நீக்கவா என்று திரை கேட்கிறது.
கீழே கார்கமோ வந்து இறங்கியிருக்கிறார், இந்த வார நண்டோடு.
தராசு முள்ளைப் பார்த்து எடையை
இரண்டு தடவை உரக்கச் சொல்வார் எப்போதும்,
மாடிவரை கேட்கும்.
காது மந்தமென்று நினைத்திருந்தேன்.