இறக்க விதியில்லை

பதக்கம் கூரியரில் வந்தது.
செப்டம்பர். பால்கனியில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன்,
கரி அப்பிய விரலால் கையெழுத்துப் போட்டேன்.
பதினோரு வருடம் தாமதித்த வெண்கலம்,
குமிழித்தாளில் சுற்றி,
கூடவே ஒரு கடிதம்:
அன்புள்ள ஸ்த்ராவ்கா அவர்களுக்கு.
கீதமில்லை, மேடையில்லை.
எதிர்வீட்டு நாய் மட்டும் குரைத்தது.

பெர்னிக் உருக்காலைச் சங்கத்து மில்கா
அன்று தங்கம் வாங்கி
என்னை நான்காமிடத்துக்குத் தள்ளினாள்.
சோதனைக்குப் போன சிறுநீர் அவளுடையதல்ல.
தலைவர் குத்ஸாரோவின் அலுவலக அலமாரியில்
ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால்
சுத்தமான சீசாக்கள் வரிசையாக இருந்தனவாம்,
பெயர் ஒட்டி, தேதி ஒட்டி.

ஆகவே சோஃபியாவில், மூவர் குழுவில்,
சங்கத்துக்கே மூன்றாண்டுத் தடை என்றபோது
முதலில் உயர்ந்த கை என்னுடையது.
எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா, என்றார் அவர்களுடைய வக்கீல்.
வீட்டையே எலிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தீர்கள், என்றேன்.
சிரித்தார்கள்.
எனக்கும் பிடித்திருந்தது அந்த வாக்கியம்.

பொய்யில்லை அதில்.
மில்கா வென்ற இரவு ஊரே தெருவில் ஆடியது.
பயிற்சியாளர்களுக்குப் போனஸ், பள்ளிக்குப் புதுக் கூரை.
அலமாரியை யாரும் திறக்கவில்லை;
திறக்காமலிருக்க எல்லாரும் பழகியிருந்தார்கள்.
ஒரு தலையை மட்டும் கிள்ளி எறிந்தால்
அதே நாற்காலிக்கு அடுத்த தலை வரும்,
தன் ஜாடிகளோடு.

பிறகு கதவருகே நின்றவளைப் பார்த்தேன்.
ராதோஸ்தினா. பதினேழு வயது, ஐம்பத்தைந்து கிலோ.
பிளாஸ்டிக் உறையில் பதினான்கு சோதனைச் சீட்டுகள்,
எல்லாம் வெளி ஆய்வகத்தில் எடுத்தவை, எல்லாம் சுத்தம்.
பயிற்சிக் குறிப்பேடும் வைத்திருந்தாள்,
கடைசிப் பக்கத்தில் நூற்று எழுபத்தெட்டு என்று இரண்டு முறை கோடிட்டு.
அவள் வாதாடவில்லை.
"மில்கா ஜெயிச்சப்போ எனக்கு ஆறு வயசு,
முன்பல் விழுந்திருந்தது.
ஒழுகாத கூரைக்குக் கீழேதான் படிச்சேன்.
அது உண்மைதான்" என்றாள்.

அந்தக் கடைசி வரியை
யாரும் அவளிடம் கேட்கவில்லை.

குத்ஸாரோவ் அபராதம் கட்டினார்.
இப்போது மலையடிவாரத்தில் மீன் பண்ணை,
ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளிகள்.
பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்.
இரண்டுக்கும் நடுவே எடுத்துச் சென்று சேர்த்தது
யாருடைய கை என்று
யாரும் சொல்வதில்லை.

எங்கள் விளையாட்டில் ஒரு விதி உண்டு:
கம்பியில் ஏற்றிய எடையை இறக்க முடியாது.
தூக்கு, இல்லையென்றால் விலகு.
பிப்ரவரியில் நானே எழுதிக் கேட்டேன்,
இருபது வயதுக்குக் கீழே உள்ளவர்களையாவது விடுங்கள் என்று.
பதில் இரண்டு வரி.
இரண்டாவது வரி தேதி.

மறுபடி வாக்கெடுப்பு வந்தால் கை உயர்த்துவேனா?
உயர்த்துவேன் என்றுதான் நினைக்கிறேன்.
தோள்வரை.
அதற்குமேல் தெரியவில்லை.

வர்னாவில் தேசியப் போட்டி.
ஐம்பத்தைந்து கிலோப் பிரிவில் வென்றவள்
மொத்தம் தூக்கியது நூற்று எழுபத்தொன்று.
நல்ல பெண், நேர்மையாகத் தூக்கினாள்,
அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.
கடைசி வரிசைக்கு முன்வரிசையில்
டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தாள் ராதோஸ்தினா,
இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளைப் பொடி.
எங்கே பூசிக்கொண்டாள், எதற்கு?

என்னிடமிருந்து போனது ஒரு பொருள்.
அதற்கு எடையிருந்தது, எனக்கு முகவரியிருந்தது,
பதினோரு வருடம் கழித்தாவது திரும்பி வந்தது.
தூக்கவே விடாத நூற்று எழுபத்தெட்டை
எந்தக் குமிழித்தாளில் சுற்றுவது,
எந்த வீட்டு மணியை அழுத்துவது?

பதக்கம் மாட்டியபோது
எழுந்து நின்று பலமாகக் கைதட்டினாள்.
பொடி பறந்தது.
பின்வரிசையில் யாரோ தும்மினார்கள்.