தொங்கலில் முடுக்கியது

சத்தத்தை யாரும் சும்மா சொல்லிவிட்டுப் போவதில்லை.
நடித்துக் காட்டுகிறார்கள்.
நரின் சந்தைக்குப் பின்னால் என் பட்டறை.
உருளைக்கிழங்கு வியாபாரி எர்கெஷ்
நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பிரித்து
'டொக்' என்பார்.
பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்
மேசைமேல் விரல்முட்டியால் இரண்டு தட்டு,
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
அசில்கான் மட்டும்
அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகலை எடுத்தாள்,
ஈனப்போகும் குதிரையைப் போல.
நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.

அத்-பாஷிப் பக்கத்து ஊர்களுக்குத்
தடுப்பூசிப் பெட்டி கொண்டுபோகிற செவிலி.
வண்டி, பழைய ஹோண்டா ஃபிட்.
ஜப்பானில் ஓடி அலுத்து
வலப்பக்க ஸ்டீயரிங்கோடு
எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தது.

பம்பரை அழுத்தி விட்டேன்.
ஒருமுறை எழும்பி அடங்கியது. ஷாக்கில் பழுதில்லை.
சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன்.
ஆட்டம் இல்லை.
கடப்பாரையை நுழைத்து நெம்பியபோது
கீழ்க்கையின் பின்புஷ்
ரப்பர் கிழிந்து வாய் பிளந்து கிடந்தது.
"இதோ" என்றேன்,
கண்டுபிடித்தவனுக்கு வரும் சின்னத் திமிரோடு.

பழையதைப் பிதுக்கி எடுத்தேன்.
புதியதை அழுத்தி ஏற்றினேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டை முடுக்கினேன்.
வண்டி ஜாக்கிமேல், சக்கரம் அந்தரத்தில்.
(இந்த வரியை நினைவில் வையுங்கள்.
நான் வைக்கவில்லை.)

எட்டாம் நாள் வந்தாள்.
அதே முனகல், இன்னும் நன்றாக நடித்தாள்.
ஸ்டெபிலைசர் லிங்க்கை மாற்றிப் பணம் வாங்கினேன்.
பன்னிரண்டாம் நாளும் வந்தாள்.
சமத்தை ஸ்டீயரிங் திருப்பச் சொல்லி
சுருள்வில்லின்மேல் உள்ளங்கையை வைத்தேன்.
காது பொய் சொல்லும், தோல் சொல்லாது.
வில் நாடியில்லாத கைபோலக் கிடந்தது.
"குளிர்" என்றேன். "இருபத்தெட்டு டிகிரி கீழே.
ரப்பர் கத்தத்தான் செய்யும்."
"டோலோன் கணவாய்ச் சாலையும்தான் காரணம்" என்றேன்.
சாலையைக் குறை சொல்வது
எங்கள் தொழிலில் கடைசிக் கருவி.
அதையும் எடுத்தாகிவிட்டது.

அவள் கையுறையைக் கழற்றினாள்.
"ஓடும்போது மட்டும் இல்லை.
ராத்திரி நிறுத்திவிட்டு இறங்குகிறேன்,
கதவைச் சாத்துகிறேன்,
ஆளில்லாத வண்டி ஒருமுறை முனகுகிறது.
எப்படிப் படுத்தால் வலி, எழுந்தால் வலியா,
நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்.
நீங்கள் கேட்கவே இல்லையே?"

கேட்கவில்லை.

இறங்கினால் முனகுகிறது.
பாரம் மாறினால் முனகுகிறது.
அந்தரத்தில் தொங்கிய கோணத்திலேயே
அந்த ரப்பரை நான் பூட்டிவிட்டேன்.
தரையைத் தொட்ட நாளிலிருந்து
கழுத்து திருகியபடியே
அது வண்டியைச் சுமந்துகொண்டிருக்கிறது.
பழுது அவளுடைய காரில் இல்லை,
என் ஸ்பேனரில் இருந்தது.
இதைச் சத்தமாகச் சொல்ல
எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் நேரம் பிடித்தது.

காரைக் குழிமேல் ஏற்றினேன், நான்கு சக்கரமும் தரையில்.
"ஏறி உட்காருங்கள், வழக்கம்போல."
தடுப்பூசிப் பெட்டி பின்னால்.
எர்கெஷ் கேட்காமலேயே
இரண்டு மூட்டை கிழங்கை உள்ளே தள்ளினார்.
குழிக்குள் இறங்கி நட்டைத் தளர்த்தினேன்.

'டக்.'

அரைவிரல் அளவு, தானாகத் திரும்பி
ரப்பர் தன் இடத்துக்கு வந்தது.
மேலே அவள் மூச்சைப் பிடித்திருந்தாள் போல.
வண்டி அசையவே இல்லை.
அந்தப் பாரத்தோடேயே முடுக்கினேன்,
நட்டில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன்.

லிங்க் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள்.
கிழங்கு மூட்டையோடு கிளம்பிப்போய்,
எர்கெஷ் தெருவில் கத்திக்கொண்டு ஓடியது தனிக் கதை.

இரண்டு நாள் கழித்து போன்.
"முனகல் போய்விட்டது.
அது இருந்தவரை கேட்காத ஒன்று
இப்போது கேட்கிறது."
தூரத்து இரைச்சலுக்கு நடுவே
உதட்டைக் குவித்து ஏதோ செய்து காட்டினாள்,
டிக், டிக், பிறகு ஒன்றுமில்லை.

"எப்போது? ஏறும்போதா, இறங்கும்போதா?"
என்று கேட்டபடி
பென்சிலைத் தேடினேன்.