துணைக்கால்

குருமடத்தில் மூன்று வருஷம்,
பிறகு பொதுப்பணித்துறையில் லஸ்கர்.
அரசலாற்றுப் பிரிவில் ஒரு மதகு, ஐந்து ஷட்டர்,
திருகித் திறக்க ஒரு இரும்புச் சாவி,
நீர்மட்டம் எழுத நீளப் பதிவேடு.
அதன் கடைசித் தாளில்
எழுதிப் பார்த்தேன் நேற்று
மறந்துபோன லத்தீன் பெயர்ச்சொல்லை.

குல்ப: குற்றம்.
குல்பா: குற்றத்தால்.
இடையே ஒரு மாத்திரைதான் தூரம்.
நமக்கு ஒரு துணைக்கால்.
லத்தீன்காரர்கள் அதையும் எழுதுவதில்லை,
வாயில் நீட்டிக்கொள்வார்கள்.
பெண்பாலாம். ஏனென்று அன்றும் கேட்கவில்லை.
குல்பே என்றால் குற்றத்தின்,
குற்றத்துக்கு என்றாலும் குல்பே,
ஒன்று பலவானாலும் அதே குல்பே.

வேண்டுமென்றே செய்ததற்கு
அவர்களிடம் வேறு சொல் உண்டு.
இது அசந்துபோனவனின் சொல்.

ஆவணி இருபத்தேழு எங்கள் வாய்க்கால் முறை.
ராத்திரி பதினொன்றுக்குத் திறந்திருக்க வேண்டும்.
மச்சினன் வீட்டுக் கறிச்சோறு,
மதகு மேடையில் ஆற்றுக்காற்று.
விழித்தபோது முறை
பக்கத்து வாய்க்காலுக்குப் போயிருந்தது.
இனி ஆறு நாள்.

"ஷட்டர் திறக்கப்படவில்லை"
என்று பதிந்தேன் நீல மையில்.
நல்ல அரசாங்கத் தமிழ், செயப்பாட்டு வினை.
மூன்றாம் வேற்றுமை உட்கார வேண்டிய இடம்
காலியாகவே இருந்தது.
யாரால் என்று பொறியாளரும் கேட்கவில்லை.

கடைமடை வைரக்கண்ணு
சைக்கிளில் வந்தார், கையில் ஒரு கதிர்.
ஆறு மா குறுவை, பால் பிடிக்கிற நேரம்.
நகத்தால் ஒரு மணியை நசுக்கினார்.
ஒன்றும் வரவில்லை.
இன்னொன்றையும் நசுக்கினார்.
"மேட்டூர்லயே கொறச்சுட்டானாமே?"

தலையாட்டினேன்.

தூங்கினதற்குத்தான் குல்ப.
இந்தத் தலையாட்டலுக்கு
அந்த வேறு சொல்.

ஞாயிறு பூசையில் நெஞ்சில் தட்டி
பாவமே என்கிறோம்.
அந்த ஏகாரம் தேற்றமா, விளியா?
போன வாரம் பாதித் தட்டலில் நின்றுவிட்டது கை.
லத்தீனில் அந்த இடத்தில் இருப்பது ஆல்.
ஆல் என்று முடித்தால்
யாராவது கேட்பார்கள்:
அதனால்?
அதனால் ஆறு மா.
அதனால் களத்தில் தூற்றும்போது
காற்றோடு போகப்போகிற பதர்.

இன்று மாலை பதிவேட்டைத் திருப்பி
பழைய வரியைத் தேடினேன்.
"திறக்கப்படவில்லை"க்கு முன்னால்
ஒரு செருகல் குறி போட்டு
அதன் மேல் எழுதினேன்,
என்னால்.

பென்சிலால்.