மூன்றாவது தடை

மழை விட்டும் விடாத ஞாயிறு.
ஆடு ஏற்றும் வண்டியிலிருந்து
பின்பக்கமாகவே இறங்கியது தாத்தூஸ்.
வேல்ஸ் மொழியில் உருளைக்கிழங்கு.
வயிற்றைப் பார்த்தவர்கள் காரணம் கேட்பதில்லை.

மூன்றாவது தடையருகே நிற்பது என் வேலை.
விழும் கட்டையைத் தூக்கி வைக்கணும்,
அட்டையில் கோடு போடணும்.
கூலி ஒரு பன், ஒரு தேநீர்.

ஹெலெத் ப்ரீஸ், வயது பதினான்கு,
முதுகில் நாற்பத்து மூன்று,
அண்ணனின் கோட்டு, மடித்துத் தைத்த கை.
முதல் தடை சுத்தம்.
இரண்டாவதில் குளம்பு உரச,
கட்டை கொஞ்சம் யோசித்துவிட்டு
விழாமல் இருந்துகொண்டது.

என் தடைக்கு வந்ததும்
வாடகை கேட்க வந்தவர்போல
நின்றுவிட்டது தாத்தூஸ்.
ஒரு கோடு.
சுற்றி வந்து இன்னொரு கோடு.
மூன்றாவதற்கு மணி அடித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் அழுவார்கள்,
அல்லது குச்சியை ஓங்குவார்கள்.
நான் ஏரிப்பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அவள் இறங்கினாள்.
கடிவாள வாரைச் சேணத்தில் செருகினாள்.
சேறு அப்பிய பூட்ஸோடு ஓடி
தடையைத் தானே தாண்டினாள்.
கோட்டின் வால் மட்டும் கட்டையைத் தொட்டது.

தாத்தூஸ் காதுகளை முன்னே நீட்டியது.
என்னைப் பார்த்தது.
அவள் போன பக்கம் பார்த்தது.
பிறகு முதுகில் யாருமில்லாமல்
தேவைக்கு மேல் ஒரு முழம் எழும்பித்
தாண்டிப் போனது,
காலி அங்கவடிகள் படபடக்க.

ஒலிபெருக்கியில் அடுத்த பெயர்.
அட்டையில் இதற்கொரு கட்டம் இல்லை.
மூன்று கோடுகளின் ஓரத்தில்
'கட்டை விழவில்லை' என்றெழுதினேன்.
பேனா பாதியில் நின்றது,
ஈரத்தாள்.